காலிக் கட்டத்தில் பிறந்தவன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு உம்மு ஹாதி வெளிநடப்புச் செய்தார்.

சண்டை இல்லை. சத்தம் இல்லை. கையிலிருந்த டோக்கனை நாற்காலியின் மேல் கவிழ்த்து வைத்தார். பையை எடுத்துக்கொண்டார். காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்த முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, எழுபத்தோரு வயதுக் கால்களால் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்து வாசலைத் தாண்டினார்.

சுவரில் புதிதாக மாட்டியிருந்த ஸ்கிரீன் மட்டும் எதுவும் நடக்காதது போல மினுங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இரண்டாவது முறையாக, தேன் தடவிய குரலில் அழைத்தது.

"ஸகிய்யா. அறை இரண்டு."

"போச்சு!" என்றார் அபூ நாயிஃப். அந்தச் சுகாதார நிலையத்தின் வாயில்காப்பாளர், காப்பி போடுபவர், ஊர்ச் செய்தி ஒலிபரப்பாளர் எல்லாம் அவர்தான். காப்பித் தட்டை வரவேற்பு மேசையில் வைத்தார். "அம்பது வருஷமா அந்தப் பொம்பளைய இந்த ஊர்ல ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கட்டின புருஷனே கூப்பிட்டதில்ல. ஒரு பொட்டி கூப்பிட்டுடுச்சு!"

கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஷிஹாப் ஓடி வந்தான். அந்த ஸ்கிரீன் அவனுடைய நாலு மாத உழைப்பு.

"என்னாச்சு?"

"என்னாச்சா? இத்தனை வருஷம் நான் வாசல்ல நின்னு 'உம்மு ஹாதி, உள்ள வாங்க'ன்னு கூப்பிட்டேன். ஒரு குறை உண்டா? உன் மெஷின் வந்து ஒரு வாரம் ஆகல..."

அந்த ஊரில் வயது வந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது, தலைத்துணியை இழுப்பது மாதிரி. மூத்த பிள்ளையின் பெயரை ஒட்டி அபூ இன்னார், உம்மு இன்னார். அதாவது இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா. பிள்ளை இல்லாதவர்களையும் ஊர் வெறுமனே விட்டுவிடாது. பிறந்திருக்க வேண்டிய பிள்ளையின் பெயரால் அழைக்கும். ஷிஹாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்து நாலு. கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் அவன் எல்லோருக்கும் அபூ மாஜித். செத்துப்போன அப்பாவின் பெயர் மாஜித். மகன் பிறந்தால் அந்தப் பெயரைத்தானே வைப்பான்?

அறை இரண்டின் கதவு திறந்தது. டாக்டர் கஸ்வான் எட்டிப் பார்த்தார்.

"எங்க அந்தம்மா?"

"போயிட்டாங்க டாக்டர்."

"போயிட்டாங்களா! போன தடவை ரத்த அழுத்தம் நூத்தித் தொண்ணூறு. மாத்திரை மாத்தணும்னு வரச் சொல்லியிருக்கேன். அபூ மாஜித், புதன்கிழமைக்குள்ள அந்தம்மா என் எதிர்ல உட்கார்ந்திருக்கணும். உன் ஸ்கிரீன் அவங்கள மரியாதையா கூப்பிடணும். இல்லன்னா ஸ்கிரீன கழட்டிட்டு அந்த ஆணியில உன்னை மாட்டிடுவேன்."

கதவு மூடியது.

எதிர் அறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தடுப்பூசி நர்ஸ் லமீஸ், சிரிப்பை மறைக்கத் தலைத்துணியின் நுனியைச் சரிசெய்தாள். பிறகு காகிதத்தில் சுற்றிய, ஸாத்தர் மூலிகைப் பொடி தூவிய ஒரு ரொட்டியை ஷிஹாப்பின் கையில் வைத்தாள்.

"கடைக்காரர் இன்னிக்கும் ஒண்ணு கூடுதலா குடுத்துட்டார்."

"நன்றி சிஸ்டர்."

ஆறு வருடமாக அந்தக் கடைக்காரர் தினமும் ஒரு ரொட்டி கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டே பிழைக்கும் ஷிஹாப் இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை. மாறாக, தினமும் காலையில் சர்வர் பெட்டியின் முன் நின்று, பெண் கேட்கும் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்ப்பான். "சிஸ்டர் லமீஸ், உங்க அண்ணன் வீட்டுக்கு எங்க அம்மாவ அழைச்சிட்டு வரலாமா?" சர்வரிடம் தடங்கலில்லாமல் வரும். லமீஸைப் பார்த்தால் "நன்றி சிஸ்டர்" மட்டும்தான் வரும்.

அதற்கும் இப்போது கெடு வந்திருந்தது. லமீஸின் அண்ணன் தூரத்துத் துறைமுக நகரமான அகபாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். தங்கையையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டார். இடமாற்றப் படிவம் அவள் மேசையில் இருக்கிறது. வியாழக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டாளா என்று கேட்கக்கூட ஷிஹாப்புக்கு வாய் வரவில்லை.

முதலில் உம்மு ஹாதி. பிறகு மற்றது.

*

"இதுல என்ன பெரிய வித்தை?" அபூ நாயிஃப் அவன் தோளுக்கு மேலே குனிந்தார். "அந்தம்மா பேருக்கு நேரா, கூப்பிடற பேர் கட்டம் காலியா இருக்கு. 'உம்மு ஹாதி'ன்னு அடி. வேலை முடிஞ்சுது."

ஷிஹாப் அடித்தான். மெஷின் சிவப்பு எழுத்தில் பதில் சொன்னது: இந்தக் கட்டம் கணக்கிட்டு வருவது. இதில் எதையும் நுழைக்க முடியாது.

"என்ன சொல்லுது?"

"முடியாதுங்குது. இது எழுதி வைக்கிற கட்டம் இல்ல, அபூ நாயிஃப். உள்ள அட்டவணைங்க இருக்கு. ஒண்ணுல பெரியவங்க பேரு, இன்னொண்ணுல பிள்ளைங்க பேரு. இங்க நாம பாக்கறது வெறும் ஜன்னல். வியூன்னு சொல்லுவோம். மூத்த பிள்ளை பேர எடுத்து, முன்னாடி அபூவோ உம்முவோ சேர்த்து, அந்த நிமிஷமே கணக்குப் போட்டுக் காட்டும். பிள்ளை இல்லன்னா கட்டம் காலி. அப்ப சொந்தப் பேர சொல்லிடும்."

"அதான் தெரியுதே, ஜன்னல் வழியா ஒரு பேர எழுதிப் போடு."

"கண்ணாடியில தெரியற முகத்துக்கு மை வெக்க முடியுமா?"

அபூ நாயிஃப் யோசித்தார். "முடியாது. முகத்துக்குத்தான் வெக்கணும்."

"அதேதான்!" ஷிஹாப் நாற்காலியில் நிமிர்ந்தான். கண்ணில் ஒரு மின்னல். கம்ப்யூட்டர்க்காரர்கள் கண்ணில் அந்த மின்னல் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவிட வேண்டும். அபூ நாயிஃப்புக்கு அது தெரியாது.

ஷிஹாப் ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு காவல்காரனை நிறுத்தினான். பத்தே வரி நிரல். காலிக் கட்டத்தில் யாராவது 'உம்மு ஹாதி' என்று தட்டினால், காவல்காரன் அதை வழியிலேயே பிடிப்பான். 'உம்மு'வை வெட்டி எறிவான். மிச்சமிருக்கும் 'ஹாதி'யைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் அட்டவணையில் அந்த அம்மாவுக்கு நேரே வைப்பான். அப்புறம் ஜன்னல் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும்.

தட்டினான். பச்சை எழுத்து ஒளிர்ந்தது: உம்மு ஹாதி.

"மாஷா அல்லாஹ்!" அபூ நாயிஃப் கைதட்டினார். "இன்னும் இருக்காங்கப்பா, பிள்ளை இல்லாதவங்க. அவங்களும் வந்தா இதே கூத்துதானே? நான் சொல்றேன், நீ அடி. அபூ ஸக்ர், ஆலிவ் தோட்டத்துக்காரர், எம்பது வயசு..."

அவர் சொல்லச் சொல்ல ஷிஹாப் தட்டினான். உம்மு ஹாதியோடு சேர்த்துப் பத்தொன்பது பேர்.

மத்தியானம் வரவேற்பு மேசையில் எல்லோருக்கும் விளக்கினான். "பயப்படாதீங்க. தானா அது எதுவும் செய்யாது. யாராவது ஒரு கை இந்தக் கட்டத்துல தட்டினாத்தான் அசையும்."

"யாருக்கு வேணும்னாலும் தட்டலாமா?" என்றார் அபூ நாயிஃப். "கல்யாணம் ஆகாதவங்களுக்கு?"

"கம்ப்யூட்டருக்குக் கல்யாணமெல்லாம் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த லமீஸ் மட்டும் சிரிக்கவில்லை. குழாயை மூடவும் மறந்து நின்றாள்.

*

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு கைத்தடி கம்ப்யூட்டர் அறைக் கதவை இடித்தது.

"யார்ரா அவன், எனக்குப் பிள்ளை பொறந்திருக்குன்னு செய்தி அனுப்பினவன்?"

அபூ ஸக்ர். எண்பது வயது. கையில் கைபேசி. அதன் திரையில்: 'அன்புப் பெற்றோரே, உங்கள் குழந்தை ஸக்ரை முதல் தடுப்பூசிக்கு அழைத்து வாருங்கள்.'

"என் பொண்டாட்டி இதைப் படிச்சுட்டா. காலையிலேர்ந்து ஒரே கேள்வி. 'யாரு அவ?' பெட்டியைக் கட்டிட்டா. அல்லாஹ் மேல சத்தியமா சொல்றேன், நான் ரெண்டு வருஷமா மாடிப்படிகூட ஏறினதில்லடா!"

ஷிஹாப் அட்டவணையைத் திறந்து பார்த்தான். பிள்ளைகள் அட்டவணையில் பிறந்த தேதி இல்லாமல் ஒரு வரிகூட ஏறாது. காவல்காரனுக்குத் தேதி தெரியாது. எனவே அவன் அன்றைய தேதியையே போட்டுவிட்டான். ஒரே மத்தியானத்தில் ஊரில் பத்தொன்பது பச்சைக் குழந்தைகள். எல்லோருக்கும் தடுப்பூசி அழைப்பு தானாகப் பறந்துவிட்டது.

அபூ ஸக்ரின் மனைவிக்குத் தொலைபேசியில் பேசி, மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டரைத் திட்டி, பெட்டியைப் பிரிக்க வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் லமீஸ் நின்றாள். கையில் ஒரு பட்டியல்.

"இருபது புதுக் குழந்தைங்க," என்றாள்.

"பத்தொன்பது சிஸ்டர். எல்லாம் தப்பு. இப்பவே சரி பண்ணிடறேன்."

"இருபது." பட்டியலை அவன் முன் வைத்து விரலால் கடைசி வரியைக் காட்டினாள். "மாஜித். அப்பா, ஷிஹாப். அம்மா, காலி."

ஷிஹாப்பின் வாய் திறந்தது. மூட மறந்தது.

"வாழ்த்துகள் அபூ மாஜித். பையனை எப்ப ஊசிக்குத் தூக்கிட்டு வரப்போறீங்க?"

"நான்... நான் என் பேர்ல எதுவும் அடிக்கலயே!"

அவசரமாகப் பதிவேட்டைத் திறந்தான். பதிவு செய்தவர்: ஷிஹாப். இருபது வரியிலும் அதேதான். காவல்காரன் அவன் பெயரில் வேலை பார்ப்பவன். யார் தட்டினாலும் பழி ஷிஹாப்புக்கே.

"மெஷின் தப்பு சிஸ்டர். பேர் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, எப்படியோ போய் ஒட்டிக்கிச்சு."

"மெஷின் தப்பா?" அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். "அம்மா கட்டம் காலியா இருக்கே. அது?"

"அதுவும் தப்புதான். அழிச்சுடறேன்."

"அழிச்சுடுங்க."

கதவு மெதுவாகத்தான் மூடியது. ஆனாலும் ஷிஹாப்புக்கு அடித்துச் சாத்தியது போலக் கேட்டது. தெரியாமல் எங்கேயோ ஒரு பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாளோ?

அன்று பத்து மணிக்குக் கடைக்காரர் கூடுதல் ரொட்டி எதுவும் கொடுக்கவில்லை போலும்.

*

மாஜித்தை அழித்தான். பச்சைக் குழந்தைகளைத்தானே ஊசிக்குக் கூப்பிடுகிறது? வளர்த்துவிட்டால் போயிற்று. காவல்காரனுக்குப் புதுக் கட்டளை போட்டான்: பிறந்த தேதியை இருபது வருடம் பின்னால் தள்ளு. பத்தொன்பது குழந்தைகளும் ஒரே நொடியில் மீசை முளைத்து இளைஞர்களானார்கள்.

இனித் தடுப்பூசி அழைப்பு வராது.

வரவில்லை. வேறு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் கஸ்வானின் பட்டியலில் பத்தொன்பது புது நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கெல்லாம் தனி ஃபைல். புது ஃபைல் என்றால் முதல் பரிசோதனை. தேன் தடவிய குரல் அழைத்தது.

"ஹாதி. அறை இரண்டு."

யாரும் எழவில்லை.

"ஸக்ர். அறை இரண்டு."

யாரும் எழவில்லை. வரிசையில் இருந்த உண்மையான நோயாளிகள் முணுமுணுத்தார்கள். டாக்டர் கதவைத் திறந்து கத்தினார்.

"பத்தொன்பது பேரு, எல்லாம் இருபது வயசு, ஒருத்தன்கூட வரல! இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு மேல அக்கறையே கிடையாது! அபூ நாயிஃப், பட்டியல எடுங்க. வீடு வீடாப் போங்க. காதைப் பிடிச்சு இழுத்துட்டு வாங்க!"

"டாக்டர், அது வந்து..." என்று ஆரம்பித்தான் ஷிஹாப்.

"நீ பேசாதே. உம்மு ஹாதி எங்கே? நாளைக்குப் புதன்கிழமை."

அபூ நாயிஃப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கு உண்மை தெரியும். ஆனால் பத்தொன்பது வீட்டுக் காப்பியை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை.

ஷிஹாப் திரும்பியபோது லமீஸ் நின்றாள். இன்று கையில் பட்டியல் இல்லை. வெறுங்கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க ஃபைலைப் பார்த்தீங்களா, அபூ மாஜித்?"

பார்த்தான். மாஜித். வயது இருபது. டாக்டரின் பட்டியல் போன பிறகு ஏறிய ஃபைல். அப்பா, ஷிஹாப். அம்மா, காலி.

"யா அல்லாஹ்! நேத்துதானே அழிச்சேன்!"

"ஒரே ராத்திரியில நல்லா வளர்ந்துட்டாரு." அவள் குரலில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. "இருபது வயசுப் பையன். இன்னும் அம்மா கட்டம் காலி. இத்தனை வருஷத்துல உங்களுக்கு ஒரு பேரும் தோணலயா?"

"சிஸ்டர், சத்தியமா எனக்குப் பெண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

"தெரியும்."

"இது முழுக்க முழுக்க என் நிரல்ல இருக்கிற கோளாறு. இப்ப உங்க கண்ணு முன்னாடியே அழிக்கிறேன். பாருங்க."

அழித்தான். பெருமையோடு நிமிர்ந்தான்.

லமீஸின் முகம் ஏனோ சுருங்கியிருந்தது.

"ரெண்டு தடவை அழிச்சுட்டீங்க," என்றாள் மெதுவாக. "மூணாவது தடவையும் திரும்பி வரும்னு நினைச்சுக்காதீங்க."

"வராது! வரவே வராது. நான் பாத்துக்கறேன்."

"நாளைக்கு நானும் டோக்கன் எடுக்கணும். இடமாத்தத்துக்கு டாக்டர்கிட்ட உடல்தகுதிச் சான்று வாங்கணுமாம்."

அவள் போய்விட்டாள். ஷிஹாப் சர்வரின் முன் போய் நின்றான். ஒத்திகை பார்க்க வாயைத் திறந்தான். சர்வரிடம்கூட வாக்கியம் வரவில்லை.

நாலு மணிக்கு அபூ நாயிஃப் திரும்பி வந்தார். காப்பி ஏறிக் கண் இரண்டும் பளபளத்தன.

"எல்லா வீட்டுலயும் கேட்டேன்பா. 'உங்க பையன் டாக்டரைப் பார்க்க வரலயே'ன்னு. பதினோரு வீட்டுல என்னைப் பைத்தியம்னாங்க. எட்டு வீட்டுல..." அவர் குரலைத் தாழ்த்தினார். "எட்டு வீட்டுல, 'பையன் வெளியூர் போயிருக்கான், வந்ததும் அனுப்பறோம்'னாங்க."

ஷிஹாப் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"அபூ ஸக்ர் பொண்டாட்டி இருக்காளே, பெட்டி கட்டினவ. 'ஸக்ர் குவைத்துல இன்ஜினியரு, லீவு கிடைக்கல'ங்கறா! புருஷன் பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டறாரு. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. அவங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

*

புதன்கிழமை காலை ஷிஹாப் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தான். காவல்காரனை வேலையை விட்டு நீக்கினான். பெரியவர்கள் அட்டவணையில் நிஜமாகவே ஒரு புதுக் கட்டம் சேர்த்தான்; அழைக்கும் பெயருக்கென்று. அதில் எழுத்து இருந்தால் ஜன்னல் அதை அப்படியே காட்டும். இல்லாவிட்டால் மட்டும் பழைய கணக்கு. அந்தப் பத்தொன்பது பேரின் அழைப்புப் பெயர்களையும் அதில் அடித்தான். வரவேற்பு மேசைக்குப் போய் எல்லோருக்கும் அறிவித்தான்.

"இனிமே வெட்டறது, ஒட்டறது, பிள்ளை பொறக்கறது எதுவும் கிடையாது. அடிச்சது அடிச்சபடி வரும். இதுல இனி தப்பு நடக்கவே வழியில்ல."

லமீஸ் தலையசைத்தாள். "அடிச்சது அடிச்சபடியா?"

"எழுத்து மாறாம."

இனி இல்லாத அந்தப் பத்தொன்பது பிள்ளைகளையும் அழிக்க வேண்டியதுதான் பாக்கி. அறைக்குத் திரும்பி விரலை விசையின் மேல் வைத்தான்.

"கண்ணு, இங்கதானே என் பையன் இருக்கான்?"

வாசலில் உம்மு ஹாதி. கையில் ஒரு தட்டு, மேலே வெள்ளைத் துணி. பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மஅமூல் பலகாரத்தின் வாசம் அறையை நிறைத்தது.

ஷிஹாப் துள்ளி எழுந்தான். "உம்மு ஹாதி! வாங்க, உட்காருங்க. முதல்ல என்னை மன்னிக்கணும். அந்த ஸ்கிரீன் அப்படிக் கூப்பிட்டது, அப்புறம் அந்தச் செய்தி, அப்புறம் அபூ நாயிஃப் வந்து... எல்லாமே என் தப்பு. இதோ, அழிச்சுட்டே இருக்கேன்."

"அழிக்காதே."

அவர் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பையிலிருந்து கைபேசியை எடுத்து அவனிடம் நீட்டினார். 'உங்கள் குழந்தை ஹாதியை முதல் தடுப்பூசிக்கு...'

"பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டினா. மூணு தடவை படிக்கச் சொன்னேன். தப்புன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர, பெத்தேனா இல்லையான்னு தெரியும்." அவர் சிரித்தார். "கல்யாணம் ஆன மறுநாளே அவரு பேரு வெச்சுட்டாரு. 'பொறந்தா ஹாதி'ன்னாரு. பொறக்கல. பேரு மட்டும் தங்கிடுச்சு. அம்பது வருஷமா அவன் ஊர் வாயிலதான் இருந்தான். ஒரு காகிதத்துல, ஒரு புத்தகத்துல அவன் பேரு கிடையாது. முதல் தடவையா ஒரு கவர்மென்ட் மெஷின் அவனை ஊசிக்குக் கூப்பிட்டிருக்கு."

ஷிஹாப் கைபேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

"நேத்து அபூ நாயிஃப் வந்து 'ஹாதி இருக்கானா'ன்னு கேட்டாரு. 'கடைக்குப் போயிருக்கான்'னேன். சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டு, ஒரு பாட்டம் அழுதேன். நல்ல அழுகைதான். அவன் எந்த மூலையில இருந்தாலும் இருக்கட்டும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாம ஒரு மூலை கிடைக்காதா உன் மெஷின்ல?"

கிடைத்தது. பரிசோதனைக்கும் போகாத, ஊசிக்கும் போகாத, எந்தப் பட்டியலிலும் வராத ஒரு மூலை. ஷிஹாப் அங்கே ஹாதியைக் கொண்டுபோய் வைத்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, குவைத்து இன்ஜினியர் ஸக்ரையும், 'வெளியூர் போயிருக்கும்' மற்ற ஆறு பேரையும் பக்கத்தில் வைத்தான். பதினொரு பேர் மட்டும் அழிந்தார்கள்.

"உன் பையன்?" என்றார் உம்மு ஹாதி. "மாஜித்னு ஒருத்தன் வந்தானாமே? அபூ நாயிஃப் சொன்னாரு."

"அழிச்சுட்டேன் உம்மு ஹாதி. ரெண்டு தடவை."

உம்மு ஹாதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கெட்டிக்காரன்னு சொன்னாங்க உன்னை," என்று மட்டும் சொன்னார்.

*

கூடம் நிறைந்திருந்தது. புதன்கிழமைக் கூட்டம். உம்மு ஹாதியை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்த ஷிஹாப், நடு வரிசையில் லமீஸைப் பார்த்தான்.

வெள்ளை அங்கி இல்லை. நோயாளியைப் போல ஒரு நாற்காலியில், மடியில் இடமாற்றப் படிவம், விரல்களுக்கிடையில் டோக்கன். சான்று வாங்கினால் கையெழுத்து. கையெழுத்துப் போட்டால் அகபா. ஆறு வருடத்து ரொட்டிகள் அவன் நெஞ்சில் வந்து அடைத்தன.

இப்போது கேட்காவிட்டால் எப்போதும் இல்லை.

ஷிஹாப் நடந்தான். இரண்டு வரிசைகளைத் தாண்டினான். அவள் எதிரில் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சிஸ்டர் லமீஸ்... உங்க அண்ணன் வீட்டுக்கு..."

மணி ஒலித்தது. தேன் தடவிய குரல் பேசியது.

"உம்மு ஹாதி. அறை இரண்டு."

கூடமே "ஆஹா" என்றது. உம்மு ஹாதி ராணி போல எழுந்தார், துணியைச் சரிசெய்தார், ஸ்கிரீனுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு அறைக் கதவை நோக்கி நடந்தார். ஷிஹாப்புக்குப் பாதி தைரியம் போயிருந்தது. மீதியைத் திரட்டினான்.

"உங்க அண்ணன் வீட்டுக்கு... எங்க..."

மணி மறுபடி ஒலித்தது. பச்சை எழுத்து மாறியது.

"உம்மு மாஜித். அறை இரண்டு. அடுத்து."

கூடம் சுற்றுமுற்றும் பார்த்தது. உம்மு மாஜித்தா? ஊரில் அப்படி ஒருவர் கிடையாதே? அபூ மாஜித் என்று ஒருவன்தான் உண்டு. அவனும் இதோ நிற்கிறான்.

ஸ்கிரீனில், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் டோக்கன் எண் ஒளிர்ந்தது. நாற்பத்தொன்று.

லமீஸின் விரல்களுக்கிடையில் இருந்த டோக்கன்: நாற்பத்தொன்று.

ஷிஹாப் டோக்கனையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தான். கல்யாணம் ஆகாத பெண். நிறைந்த கூடம். அவன் மெஷின், அவன் பிள்ளையை, அவள் மடியில் போட்டு, அதை ஊருக்கே உரக்க அறிவித்துவிட்டது! அறை இரண்டின் வாசலில் நின்றுவிட்ட உம்மு ஹாதி விரல்களை வாயருகே கொண்டுபோய் ஒரு குலவை விட்டார். பின்வரிசைப் பெண்கள் என்ன ஏது என்று தெரியாமலே அதை வாங்கிக்கொண்டு இன்னும் நீளமாக விட்டார்கள். டாக்டர் கஸ்வான் ஸ்டெதஸ்கோப்போடு வெளியே ஓடி வந்தார்.

ஷிஹாப் பாய்ந்தான். சுவரோரம் போய் ஸ்கிரீனின் பிளக்கைப் பிடுங்கினான். ஸ்கிரீன் அணையவில்லை. அபூ நாயிஃப்பின் காப்பிக் கெட்டில் அணைந்தது.

"உம்மு மாஜித்," என்றது குரல், இன்னும் இனிமையாக. "அறை இரண்டு."

"சிஸ்டர், என்னை மன்னிச்சுடுங்க!" ஷிஹாப்பின் குரல் உடைந்தது. கையில் இன்னும் கெட்டிலின் ஒயர். "மெஷின் கோளாறு! இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்ல! எல்லாரும் கேட்டுக்குங்க, இது வெறும் மெஷின் கோளாறு! இதோ இந்த நிமிஷமே அழிச்சுடறேன்!"

லமீஸ் காது வரை சிவந்து, இடமாற்றப் படிவத்தை மடித்துக்கொண்டிருந்தாள். நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் அது மடியவில்லை.

அபூ நாயிஃப் காப்பித் தட்டைக் கீழே வைத்தார். அவன் கையிலிருந்த ஒயரை வாங்கி, கெட்டிலை மறுபடி சொருகிவிட்டுச் சொன்னார்:

"பாவம், மெஷினை ஏன்பா திட்டற அபூ மாஜித்? ரெண்டு நாளும் உன் கட்டத்துல மாஜித்தை அடிச்சது சிஸ்டர், நீ அழிக்க அழிக்கத் திரும்ப அடிச்சதும் சிஸ்டர், இன்னிக்குக் காலையில தன் கட்டத்துல அடிச்சதும் சிஸ்டர்தான். மூணு தடவையும் நான் காப்பித் தட்டோட பின்னாடியே நின்னுட்டிருந்தேனே!"